ஃப்ளூ தடுப்பூசியும் உடல்நிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளூ தடுப்பூசி என்று பேச்செடுத்தால் இரண்டு பதில்கள் தவறாமல் வருகின்றன. "எனக்கு ஒன்றும் இல்லையே, எனக்கு எதற்கு?" என்பது ஒன்று. "இருக்கிற நோய் போதாதா, இதில் ஊசி வேறா?" என்பது மற்றொன்று. நலமாக இருப்பதும் ஊசியைத் தவிர்க்கக் காரணமாகிறது, நலமில்லாமல் இருப்பதும் காரணமாகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, யாருக்கு ஊசி மிகவும் தேவையோ அவர்களில் பலருக்கு அது கிடைக்காமலே போகிறது. இதை மனத்தில் வைத்துத்தான் இந்தக் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

ஃப்ளூ என்பது சளிக்காய்ச்சல்தானே? அதற்குப் போய் ஊசியா?

சாதாரணச் சளி மெல்ல மெல்ல வரும். மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும், இரண்டொரு நாளில் தணியும். இன்ஃப்ளூயன்சா வைரஸால் வரும் ஃப்ளூ திடீரென்று ஆளைச் சாய்க்கும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் கடும் காய்ச்சலும் உடல்வலியுமாகப் படுத்துவிடுவார். பெரும்பாலோர் ஒன்றிரண்டு வாரத்தில் தேறிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 30 முதல் 50 லட்சம் பேருக்கு அது தீவிர நோயாக மாறுகிறது; 2,90,000 முதல் 6,50,000 பேர் அதனால் வரும் சுவாசக் கோளாறுகளால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. தேறுகிறவர் யார், தேறாதவர் யார் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது, வைரஸ் வந்து சேர்ந்தபோது உடல் எந்த நிலையில் இருந்தது என்பதுதான்.

எந்த உடல்நிலையில் இருப்பவர்களுக்கு ஃப்ளூ ஆபத்தானது?

முதியவர்கள், கர்ப்பிணிகள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோர் முதல் வரிசை. ஆஸ்துமா உள்ளிட்ட நுரையீரல் நோய்கள், இதய நோய், நீரிழிவு, சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறு, பக்கவாதம் போன்ற நரம்பு மண்டல நோய்கள், மிகையான உடல் பருமன், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த நிலை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பவர்களும் அதே வரிசையில் வருகிறார்கள். மருத்துவப் பணியாளர்களுக்கும் ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. அவர்கள் நோயாளிகளுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்.

இவற்றில் இதயத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஃப்ளூ என்றால் நுரையீரல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. நோய் உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே ஆட்களுக்கு மற்ற காலங்களில் இருந்ததைவிட ஏறத்தாழ 6 மடங்காக இருந்தது. காய்ச்சலின்போது உடல் முழுவதும் அழற்சி கூடுகிறது, இரத்தம் உறையும் தன்மை அதிகரிக்கிறது, இதயம் வேகமாக உழைக்கவேண்டியிருக்கிறது. ஏற்கெனவே சுருங்கியிருக்கும் இரத்தக்குழாய் அதைத் தாங்குவதில்லை. இதய மாத்திரை ஒரு நாள் தவறினால் பதறுகிற குடும்பங்கள்கூட, அந்த இதயத்துக்கு இந்த ஊசியும் ஒரு காவல் என்பதை அறியாமல் இருக்கின்றன.

நான் நோய்நொடி இல்லாதவன். எனக்குத் தேவையா?

நலமாக இருப்பவர் ஊசியைத் தள்ளிப்போடுவது சோம்பலால் மட்டும் நேர்வதில்லை. மனிதர் எல்லோரும் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போடுகிறோம்: இது எனக்கு வருமா? வந்தால் எவ்வளவு கெடுதல்? அதைத் தடுக்க நான் படவேண்டிய பாடு எவ்வளவு? 1950களில், காசநோய்க்கான இலவச எக்ஸ்ரே பரிசோதனைக்கு மக்கள் ஏன் வருவதில்லை என்று ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள் இதே கணக்கைத்தான் கண்டார்கள். நடக்கிற தூரத்தில் இலவசமாகப் பரிசோதனை இருந்தும், தனக்கு நோய் வராது என்று நம்பியவர் வரவில்லை.

வலுவான உடல் உள்ளவருக்கு இந்தக் கணக்கின் முதல் இரண்டு விடையும் சிறியதாகவே தோன்றும். இரண்டாவது விடை ஓரளவு சரியும்கூட; ஆரோக்கியமானவர் ஃப்ளூவால் இறப்பது அரிது. ஆனால் அந்தக் கணக்கில் ஓர் ஆள் விடுபட்டுப்போகிறார். ஃப்ளூ வந்தவர், அறிகுறி தெரிவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பே வைரஸைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். பிறந்து ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிற சித்தப்பா திடகாத்திரமானவர் என்பதால் குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடாது. உங்கள் வீட்டில் கைக்குழந்தையோ, தளர்ந்த பாட்டியோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால், உங்கள் உடல்நிலையோடு அவர்கள் உடல்நிலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நாள்பட்ட நோய் உள்ளவர்கள் அதிகமாகப் போட்டுக்கொள்கிறார்கள்தானே?

பொதுவாகப் பார்த்தால் ஆம். ஆனால் நோய் பற்றிய பயத்தைவிட, மருத்துவரிடம் அடிக்கடி போகும் பழக்கமே அதற்குப் பெரிய காரணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்கப் போகிறவரிடம் யாராவது ஒருவர், "ஊசி போட்டாயிற்றா?" என்று கேட்டுவிடுகிறார். மருத்துவமனைப் பக்கமே போகாத அதே வயதுக்காரரிடம் கேட்க ஆளில்லை.

நோயைவிட வயதுதான் மக்களை ஊசிக்கு அழைத்து வருகிறது என்பதை இங்கிலாந்தின் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. 2022-23 பருவத்தில் அங்கு 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அதைவிட இளையவர்களாக இருந்து, நோயின் காரணமாக ஆபத்துப் பிரிவில் வருபவர்களில் பாதிப்பேர்கூட போட்டுக்கொள்ளவில்லை. இரு தரப்புக்கும் ஊசி இலவசம்.

ஏன் இந்த வேறுபாடு? முதுமை கண்ணாடியில் தெரிகிறது. முப்பத்தைந்து வயதில் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வைத்திருக்கும் பெண் தன்னை நோயாளி என்று எண்ணுவதில்லை. வேலைக்குப் போகிறார், மாடிப்படி ஏறுகிறார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவரும் அப்படியே. நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பது பெருமைக்குரிய காரியம்தான். ஆனால் நோய் கட்டுப்பட்டிருப்பதாலேயே ஃப்ளூவின் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடாது. லேசான ஆஸ்துமா உள்ளவருக்கும் ஃப்ளூ வந்தால் மூச்சுத்திணறல் கடுமையாகலாம். பட்டியலில் உள்ள நோய் ஒன்று இருந்தால், நீங்கள் எவ்வளவு நலமாக உணர்ந்தாலும் ஊசி உங்களுக்கானது.

மிகவும் தளர்ந்துபோனவர்கள், படுக்கையில் இருப்பவர்கள்?

இந்தத் தொகுப்பில் என் மனம் அதிகம் நிற்பது இந்தக் கேள்வியில்தான்.

நோய் ஓரளவு இருக்கும்வரை ஊசி போடுவோர் எண்ணிக்கை கூடுகிறது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் அது திரும்பிச் சரிகிறது. நடக்க முடியாதவர், நினைவாற்றல் மங்கியவர், தானாகக் குளிக்க முடியாதவர், வாழ்வின் கடைசி மாதங்களில் இருப்பவர் ஆகியோருக்கு ஊசி போடப்படுவது குறைந்துவிடுகிறது. அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போவது பெரும்பாடு. கூட்டிப்போகிற நாளிலும் பேச வேறு அவசரமான விஷயங்கள் இருக்கும். "இந்த நிலைமையில் ஊசி வேறு எதற்கு" என்று வீட்டாரே இரக்கப்பட்டு விட்டுவிடுவதும் உண்டு.

2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை வேறொரு கோணத்தில் வெளிச்சமாக்கியது. 65 வயதுக்கு மேற்பட்ட 72,000க்கும் அதிகமானவர்களை 8 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, ஃப்ளூ பருவத்தில் ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிடக் குறைவாக இறந்தார்கள். அதில் வியப்பில்லை. ஆனால் ஃப்ளூ பருவம் தொடங்குவதற்கு முன்பே, ஊரில் வைரஸே பரவாத மாதங்களிலேயே, ஊசி போட்டவர்களின் இறப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது! இல்லாத ஃப்ளூவிலிருந்து ஊசி யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது. அப்படியென்றால் என்ன பொருள்? ஊசி போட வந்தவர்கள் முன்பே வலுவானவர்கள். வர முடியாமல் வீட்டில் கிடந்தவர்கள்தான் மிக நலிந்தவர்கள்.

ஆராய்ச்சியாளர்களுக்கு இது புள்ளிவிவரத்தில் நேரும் ஒரு கோணல். "நலமானோர் சார்பு" என்று பெயரிட்டு, அதைத் திருத்த வழி தேடுவார்கள். எனக்கு அது வேறொன்றையும் சொல்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால், யாரும் வந்து பார்க்காத எத்தனையோ கட்டில்கள் இருக்கின்றன. நடந்து வரக்கூடியவர்களுக்கு ஏற்றபடி ஊசி வழங்கும் ஏற்பாட்டை வகுத்துவிட்டு, நடக்க முடியாதவர் வரவில்லை என்று குறிப்பெழுதிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் தடுப்பூசியின் பயன் வெறும் தோற்றம்தானா?

இல்லை. வெறுமனே கவனித்துக் கணக்கெடுத்த பழைய ஆய்வுகளில் சில, பயனை மிகையாகக் காட்டின என்பதுதான் இதிலிருந்து தெரிவது. சீட்டுக் குலுக்கியதுபோல ஆட்களைப் பிரித்து நடத்தும் ஆய்வுகளில் இந்தக் கோணல் நுழைய முடியாது. மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்தவர்கள் உள்ளிட்ட 2,500க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம், எட்டு நாடுகளில் அப்படியொரு ஆய்வு நடந்தது. 2021இல் வெளியான அதன் முடிவு: மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் 7.2 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் மரணமோ, மீண்டும் மாரடைப்போ, இரத்தக்குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயில் அடைப்போ நேர்ந்தது. ஃப்ளூ தடுப்பூசி பெற்றவர்களில் அது 5.3 விழுக்காடு.

தடுப்பூசியில் உள்ள வைரஸ் வகைகளும் அந்த ஆண்டு பரவும் வகைகளும் நன்கு பொருந்தினால், மருத்துவரிடம் போகுமளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பு 40 முதல் 60 விழுக்காடு குறைகிறது. முழுக் கவசம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பாதி ஆபத்தைக் குறைப்பது சிறிய காரியம் என்றும் எண்ணவேண்டாம்.

வயதானவர்களுக்கு ஊசி சரியாக வேலை செய்யாது என்கிறார்களே?

வயது ஏற ஏற எதிர்ப்புச் சக்தியின் மறுமொழி மந்தமாவது உண்மை. அதற்காகவே சில நாடுகளில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நான்கு மடங்கு மூலப்பொருள் கொண்ட கூடுதல் வீரிய ஊசி தருகிறார்கள். 2014இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் அது வழக்கமான ஊசியைவிட ஃப்ளூவை 24 விழுக்காடு கூடுதலாகத் தடுத்தது. அது கிடைக்காத இடத்தில் வழக்கமான ஊசியையே போட்டுக்கொள்ளலாம். கூடுதல் வீரியமுள்ளது வரட்டும் என்று பருவத்தைக் கடத்தவேண்டாம்.

மனச்சோர்வு, பதற்றம், ஊசி பயம் இவையெல்லாம் உடல்நிலைக் கணக்கில் வருமா?

கட்டாயம் வரும். மனச்சோர்வில் இருப்பவருக்குப் பல் துலக்குவதே மலையாகத் தெரியும். இதில் நேரம் கேட்டு, கிளம்பி, வரிசையில் நின்று ஊசி போடுவது எங்கே? அவருக்கு அறிவுரை சொல்வதைவிட, கூடவே கிளம்பிப்போகும் ஒரு துணை மேலானது.

ஊசி பயம் வெட்கப்படவேண்டியதன்று. ஊசியைக் கண்டாலே இரத்த அழுத்தம் சரிந்து மயங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உடலின் இயல்பான அனிச்சைச் செயல். முன்கூட்டியே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். படுத்தபடி போட்டுக்கொள்ளலாம். கால், தொடைத் தசைகளை இறுக்கித் தளர்த்திக்கொண்டிருந்தால் அழுத்தம் சரியாமல் இருக்கும். போட்டபின் 15 நிமிடம் உட்கார்ந்திருந்து எழுந்தால் போதும்.

சளி பிடித்திருக்கிறது. இன்று போடலாமா?

லேசான சளி, காய்ச்சலில்லாத இருமல் என்றால் போடலாம். நல்ல காய்ச்சலோடு நோயுற்றிருந்தால் தேறியபின் போடுவது நல்லது. "கொஞ்சம் உடம்பு சரியாகட்டும்" என்று தள்ளிவைத்துப் பருவமே கடந்துபோன கதைகள் ஏராளம். தள்ளிவைத்தால், அன்றே மறு தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.

போன முறை ஊசி போட்ட இரண்டாம் நாளே காய்ச்சல் வந்தது. எப்படி நம்புவது?

உங்கள் அனுபவம் பொய்யில்லை. ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல், உடல் அசதி ஒன்றிரண்டு நாள் இருக்கலாம். உடல் எதிர்ப்புச் சக்தியைத் திரட்டுவதன் அறிகுறி அது. தசையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது; ஆகவே அதனால் ஃப்ளூ வர முடியாது. ஊசி முழுப் பலன் தர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதற்குள் ஃப்ளூவோ வேறு சளி வைரஸோ தொற்றிக்கொள்வது நடக்கக்கூடியதுதான், ஏனெனில் எல்லோரும் ஊசி போடும் காலமும் சளி பரவும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன.

இந்த ஓர் அனுபவம் பலரை ஆண்டுக்கணக்கில் ஊசியிலிருந்து விலக்கிவிடுகிறது என்பதால், போடுகிறவர்கள் இதை முன்பே எடுத்துச் சொல்லவேண்டும். நாளை கை வலிக்கும் என்று தெரிந்து போட்டுக்கொண்டவர் மறுநாள் அதை நோயென்று பயப்படமாட்டார்.

யாருக்குத்தான் போடக்கூடாது?

மிகச் சிலருக்கு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குப் போடுவதில்லை. முன்பு ஃப்ளூ தடுப்பூசிக்கோ அதன் சேர்மானத்துக்கோ உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் மருத்துவ ஆலோசனையின்றிப் போடக்கூடாது. ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் வந்தவர்களும் மருத்துவரிடம் கலந்தே முடிவெடுக்கவேண்டும்.

முட்டை ஒவ்வாமை முன்பு பெரிய தடையாகக் கருதப்பட்டது. இப்போது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தனி முன்னெச்சரிக்கைகூடத் தேவையில்லை என்கிறது. எந்தத் தடுப்பூசிக்கும் இருக்கவேண்டிய அவசர மருந்து வசதி இருந்தால் போதும்.

நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய், பழைய பக்கவாதம் எதுவும் தடையில்லை. அவைதாம் போட்டுக்கொள்வதற்கான காரணங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது?

எந்த மாதத்திலும் போடலாம். கர்ப்ப காலத்தில் நுரையீரலும் இதயமும் கூடுதல் சுமையைத் தாங்குவதால், ஃப்ளூ வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் குழந்தைக்கும் போய்ச்சேர்ந்து, அதற்கு ஊசி போட முடியாத முதல் மாதங்களில் துணை நிற்கிறது. மூக்கில் தெளிக்கும் வகைத் தடுப்பு மருந்தில் வலுவிழந்த உயிருள்ள வைரஸ் இருப்பதால் அதைக் கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை, ஊசிதான்.

கீமோதெரபி, மாற்றுச் சிறுநீரகம், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள்?

ஊசி போடலாம், போடவேண்டும். இங்கும் மூக்கில் தெளிக்கும் வகை கூடாது. எதிர்ப்புச் சக்தி குன்றியிருப்பதால் பலன் குறைவாக இருக்கலாம் என்பதால், சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் போடுவது என்பதை உங்கள் மருத்துவரே சொல்லவேண்டும். வீட்டில் உள்ள மற்ற அனைவரும் போட்டுக்கொள்வது இவர்களுக்குச் செய்யும் பேருதவி.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறேன்.

சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்திருப்பார்கள்.

முக்கியமென்றால் என் மருத்துவர் சொல்லியிருப்பாரே?

நியாயமான கேள்வி, ஆனால் பதில் சங்கடமானது. ஒரே ஆளுக்குப் பல நோய்கள் இருந்தால் பல மருத்துவர்கள் இருப்பார்கள். இதய மருத்துவர் குடும்ப மருத்துவர் சொல்லியிருப்பார் என்று நினைப்பார், குடும்ப மருத்துவர் சர்க்கரை மருத்துவர் சொல்லியிருப்பார் என்று நினைப்பார். நோய் கூடக்கூட, கிடைக்கிற பத்து நிமிடமும் மாத்திரைப் பேச்சிலேயே தீர்ந்துவிடும். மருத்துவர் தாமே பரிந்துரைத்தால் மக்கள் போட்டுக்கொள்ளும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத்திரும்பக் காட்டியிருக்கின்றன. அவர் சொல்ல மறந்தால் நீங்கள் கேளுங்கள்: "டாக்டர், இந்த ஆண்டு ஃப்ளூ ஊசி எனக்கு எப்போது?" வேறு விளக்கம் தேவைப்படாது.

ஒவ்வோர் ஆண்டும் போடவேண்டுமா?

ஆம். வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது, ஊசியின் பலனும் மாதங்கள் செல்லச்செல்லக் குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்குமாக, புதிய சேர்மானத்தைப் பரிந்துரைக்கிறது. 8 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை.

வீட்டில் தளர்ந்த பெரியவர் இருக்கிறார். எப்படி ஏற்பாடு செய்வது?

அவர் எப்படியும் மருத்துவமனைக்குப் போகிற நாளைப் பிடியுங்கள். டயாலிசிஸ் நாள், இரத்தப் பரிசோதனை நாள், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாள் எல்லாமே வாய்ப்புதான். போகுமுன் தொலைபேசியில் ஊசி இருப்பில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவரால் அசையவே முடியாதென்றால், வீட்டுக்கு வந்து போடும் செவிலியர் உண்டா என்று விசாரியுங்கள். இரத்தம் எடுக்க வீடு தேடி வருகிறவர்கள் இருக்கும் இடங்களில் இதைக் கேட்பதில் தவறில்லை.

தேதியை எழுதிவையுங்கள். ஒரு நிறுவன ஊழியர்களிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொள்ளச் சொன்ன குழுவில், சும்மா நினைவூட்டல் பெற்ற குழுவைவிட 4.2 விழுக்காட்டுப் புள்ளி அதிகமானோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். கேட்டது ஒரு வரி எழுத்து மட்டுமே.

போகும் நாளில், தோள்வரை எளிதாக ஏற்றக்கூடிய தளர்ந்த சட்டையை அவருக்குப் போட்டுவிடுங்கள். மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துச்செல்லுங்கள். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்திருந்தாலோ, மார்பக அறுவைச் சிகிச்சையில் ஒருபக்க நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தாலோ, மற்றக் கையில் போடும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவரோடு போகிற நீங்களும் உங்கள் கையை நீட்டிவிட்டு வாருங்கள்.